பேலட் லோடுக்கு எந்த ஸ்ட்ராப்?

பேலட் எனும் அடித்தட்டில் அடுக்கிய சரக்கைக் கட்டும் பட்டைதான் ஸ்ட்ராப். மதுரை கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டைப் பக்கம் ஸ்ட்ராப் ரோல் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "இது எத்தனை கிலோ தாங்கும்?" அதை இரண்டாவதாகக் கேட்கலாம். கட்டி முடித்த பிறகு உங்கள் லோடு என்ன செய்யும் என்பதை முதலில் பாருங்கள். ராஜபாளையம் மில்லில் இருந்து வரும் கோன் நூல் பெட்டி லாரி ஆட்டத்தில் அமுங்கும். சிவகாசி நோட்டுப் புத்தகக் கட்டு அவ்வளவாக அமுங்காது. மேலூர் கிரானைட் அசையவே அசையாது, ஆனால் அதன் விளிம்பு ஸ்ட்ராப்பை அறுக்கும். மூன்றுக்கும் ஒரே ரோல் சரிவராது.

கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் ஸ்ட்ராப் பெரும்பாலும் இரண்டு வகை. பிபி எனப்படும் பாலிபுரோப்பிலீன், பெட் எனப்படும் பாலியெஸ்டர். பிபி நன்றாக நீளும், நீண்டபடியே நின்றுவிடும். இறுக்கிய சில மணி நேரத்திலேயே இழுவிசையில் கணிசமான பகுதி போய்விடும். பெட் குறைவாக நீளும், லோடு அமுங்கினால் தானும் சுருங்கிப் பிடித்துக்கொள்ளும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 1000 மி.மீ. அகலம், 1300 மி.மீ. உயரம் உள்ள பேலட்டைச் சுற்ற 4.6 மீட்டர் ஸ்ட்ராப் போகும். மதுரையில் கட்டியது தூத்துக்குடி துறைமுகம் போய்ச் சேருவதற்குள் 2 செ.மீ. அமுங்கினால், இரண்டு பக்கமும் சேர்த்துச் சுற்றளவு 4 செ.மீ. குறையும். இரும்புப் பட்டையை முழு இறுக்கத்தில் கட்டினாலும் அந்த நீளத்துக்குச் சுமார் 1 செ.மீ.தான் நீண்டிருக்கும், ஆகவே அது தொளதொளவென்று தொங்கும். பெட் 2 சதவீதம் நீண்டிருந்தால் 9 செ.மீ. கையிருப்பு இருக்கிறது. 4 போனாலும் பிடி மிச்சம். அமுங்கும் லோடுக்கு பெட்டைத் தவிர வேறு எதையும் நான் சொல்லமாட்டேன்.

அப்படியானால் பிபி எதற்கு? தனி அட்டைப்பெட்டியை மூடிக் கட்ட, இலேசான கட்டுகளைச் சேர்க்க, உள்ளூர் டெலிவரிக்கு அது போதும். 12 மி.மீ. பிபி தாராளம். டன் கணக்கில் ஏற்றும் பேலட்டுக்கு 16 மி.மீ. பெட்டில் இருந்து தொடங்குங்கள். கனம் 0.8 அல்லது 0.9 மி.மீ. நீளவாக்கில் இரண்டு, குறுக்கே இரண்டு. பேலட்டின் மேல் பலகைக்கு அடியில் நுழைத்துக் கட்டினால்தான் சரக்கும் பேலட்டும் ஒன்றாகும். அறுபடும் பலத்தில் பாதிக்கு மேல் இழுக்க வேண்டாம்.

பெட்டுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. நீராவியில் பதப்படுத்திச் சூடும் ஈரமும் ஆறாத சிமெண்ட் பிளாக்கில் அதைச் சுற்றாதீர்கள். சூடு, ஈரம், சிமெண்டின் காரம் மூன்றும் சேர்ந்தால் பாலியெஸ்டர் சிதையும். ஆறிய பிறகு கட்டுங்கள்.

ஸ்ட்ராப் அறுந்தது என்று வரும் புகார்களைக் கிளறினால் பெரும்பாலும் பழுது வேறிடத்தில் இருக்கும். மூலையில் காகித ஆங்கிள் (விளிம்பைக் காக்கும் L வடிவ அட்டை) வைக்காமல் இறுக்கினால் மேல் பெட்டியின் விளிம்பு நசுங்கும், அது உள்வாங்கிய அளவுக்கு ஸ்ட்ராப் தளரும். அடுத்தது, ஸ்ட்ராப்பின் இரு முனைகளும் சேரும் இணைப்பு. வழவழப்பான க்ளிப் பெட்டில் நழுவும், உள்ளே பல் வெட்டிய க்ளிப்தான் வேண்டும். பேட்டரி டூலில் உராய்வு வெல்டிங் (தேய்க்கும் சூட்டில் உருக்கி ஒட்டுவது) செய்தால் ஸ்ட்ராப்பின் பலத்தில் முக்கால் பங்குக்கு மேல் இணைப்பில் கிடைக்கும். வெல்டிங் நேரம் குறைந்தால் இரண்டு அடுக்கும் உரிந்து வரும். கூடினால் ஓரம் உருகி வழிந்து, இணைப்பை ஒட்டி மொறுமொறுவென்று ஒடியும். பிபி 160 டிகிரியைத் தாண்டியதும் உருகும், பெட்டுக்கு ஏறக்குறைய 250 வேண்டும். ரோல் மாற்றும்போது டூலின் செட்டிங்கையும் மாற்றியே ஆக வேண்டும். தூசியும் எண்ணெயும் பட்ட இடத்தில் வெல்டு பிடிக்காது.

வாங்கும் இடத்தில் ஒரு துண்டு வெட்டித் தண்ணீரில் அமுக்கி விடுங்கள். பிபி மிதக்கும், பெட் மூழ்கும். பிபி என்று தந்தது மூழ்கினால் எடைக்காகச் சுண்ணாம்புப் பவுடர் அதிகம் கலந்திருக்கிறார்கள். அந்த ரகம் மடித்தால் வெளுக்கும், நீளவாக்கில் கிழியும்.

கிலோ விலையை மட்டும் ஒப்பிட்டால் ஏமாறுவீர்கள். 16 × 0.8 பெட் கிலோவுக்குச் சுமார் 57 மீட்டர் வரும், 12 × 0.7 பிபி 130 மீட்டரை ஒட்டி வரும். நடுவில் இருக்கும் அட்டை உருளையின் எடையைக் கழித்துவிட்டு, ஒரு பேலட்டுக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள்.

ரோலை வெயிலில் போடாதீர்கள். நம் சித்திரை வெயிலில் திறந்த யார்டில் கிடக்கும் பிபி சீக்கிரம் நொறுங்கும். வெளியில்தான் வைக்க வேண்டும் என்றால் கருப்பு நிற ரகம் கூடுதலாகத் தாங்கும்.

ஒன்றை முன்கூட்டியே தெளிவாக்கிக்கொள்ளுங்கள்: இந்த ஸ்ட்ராப் சரக்கைப் பேலட்டோடு கட்டுகிறது, கன்டெய்னரோடு அல்ல. பேலட்டுகளுக்கு நடுவே இடைவெளி இருந்தால் காற்றுப் பையோ மரக்கட்டையோ வைத்து அடைக்க வேண்டும். இறக்கும் இடத்தில் வெட்டுபவர் ஸ்ட்ராப்புக்கு நேராக நிற்காமல் பக்கவாட்டில் நிற்கட்டும். வெட்டும் இடத்துக்கு மேலே ஸ்ட்ராப்பை ஒரு கையால் லோடோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு கட்டரை வைக்க வேண்டும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். இறுக்கத்தில் இருக்கும் பெட் வெட்டியவுடன் சுழன்று அடிக்கும்.