மூன்று நாள் ராமேஸ்வரம், மூன்று நிமிட ஒலி

ராமேஸ்வரம் போய்வர ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு ஆகும், எங்கே தங்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று வரிசையாக எழுதித் தருவதாகத் தோழிகளிடம் சொல்லியிருந்தேன். அதற்குத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இப்போது இருக்கிற எரிச்சலுக்கு அந்த ஆட்டோக்காரரிடமிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அதற்கும் முன்னால் என் மகள் மதியின் ஒலிப்பதிவு வேலையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஒன்றும் புரியாது.

மதி ஆறாம் வகுப்பு முடித்திருக்கிறாள். திருச்சியில் எங்கள் வீட்டுப் பக்கம் ஒரு கல்லூரி சமுதாய வானொலி நடத்துகிறது. கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். லீவுக்குப் போகிற ஊரை மூன்று நிமிட ஒலியாகக் கொண்டுவர வேண்டும். படம் கூடாது, வீடியோ கூடாது, காதில் விழுவது மட்டும்தான். இரண்டு நாள் பயிற்சியும் நடந்தது. அங்கே சொல்லிக்கொடுத்த முக்கியமான விதி, பேசுகிறவரிடம் முதலில் அனுமதி கேட்க வேண்டும், அவர் "சரி" என்று சொல்வதும் பதிவில் இருக்க வேண்டும். பதிவு ஓடும்போது கூட வந்த பெரியவர்கள் வாயைத் திறக்கக் கூடாது என்று இன்னொரு விதியும் உண்டாம். அதை மதியே சேர்த்திருப்பாளோ என்று எனக்கு இன்னமும் சந்தேகம்.

திரையில் விரிசல் விழுந்த என் பழைய கைபேசியைக் கொடுத்தேன். ரயில்வே நடைமேடையிலேயே வேலையை ஆரம்பித்துவிட்டாள். அவள் அப்பா, அப்பாயி (என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுவேன்), நான் என்று வரிசையாகக் கைபேசியை நீட்டி, "உங்க குரல் வானொலில வந்தா பரவாயில்லையா?" என்று கேட்டாள். அப்பாயி தலையாட்டினார். சத்தம் வர வேண்டும் என்று அவரை மறுபடியும் சொல்லவைத்தாள். நான் பைகளை எண்ணிக்கொண்டே ஏதோ பதில் சொன்னேன்.

நான்கு பேருக்கும் நான்கு விருப்பம். அத்தைக்கு 22 தீர்த்தமும் ஆட வேண்டும். கணவருக்கு மீன். எனக்கு மொத்தச் செலவு 12,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. மதிக்குப் பாம்பன் பாலத்தில் ரயில் போகிற சத்தம்.

பாலத்தைச் சொல்லி அவளுக்கு ஆசை காட்டியது நான்தான். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பழைய பாலத்தில் ரயில் ஊர்ந்துதான் போகும். கடல் காலுக்குக் கீழேயே இருக்கும், இரும்பு முனகும், பெட்டியே பேச்சை நிறுத்திவிடும். "எவ்வளவு வேணும்னாலும் பதிவு பண்ணிக்கலாம், அவசரமே இல்லை" என்று சொல்லிவைத்தேன். 1914-இல் திறந்த அந்தப் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுபோனதும், இப்போது ஓடுவது 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலம் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் புதுப் பாலத்தில் ரயில் வேகமாகப் போகும் என்பது மட்டும் மண்டையில் ஏறவில்லை.

மண்டபம் ஸ்டேஷன் தாண்டியதும் மதி கைபேசியை ஜன்னல் கம்பிக்கு வெளியே போகாமல் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். சரியாக அப்போது எதிர் இருக்கைப் பெரியவர் யாருக்கோ போன் போட்டார். "ஹலோ! ஹலோ! பாலத்துல போய்ட்டிருக்கேன்! பாலம்! பா... ல... ம்!" எதிர்முனைக்குக் கேட்கவில்லை போல. பாலத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அவர் அந்த ஒரே வார்த்தையைக் கத்தினார். கப்பல் வந்தால் நடுவில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே லிஃப்ட் மாதிரி மேலே போகுமே, அந்த இடத்தைக் காட்டலாம் என்று திரும்பினேன். அது பின்னால் போய்விட்டது. மதி என்னைப் பார்த்த பார்வையை விட்டுவிடுகிறேன்.

தங்குமிடம் பற்றி ஒரே ஒரு தகவல். போனில் 1,800 என்றவர்கள் நேரில் 2,500 என்றார்கள். காரணம் சனிக்கிழமையாம். சனிக்கிழமை வருகிறோம் என்று சொல்லித்தானே அறை கேட்டேன்? அத்தை நிற்க முடியாமல் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டதால் பேரம் பேசாமல் கொடுத்தேன். முன்பணம் கட்டி, ரசீதை வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொண்டு போங்கள்.

மறுநாள் விடிவதற்குள் அக்னி தீர்த்தம். கடலில் முங்கிவிட்டு ஈரத்தோடு கோயிலுக்குள் போய் ஒவ்வொரு கிணறாக நின்றோம். கோயில் சீட்டு ஆளுக்கு 25 ரூபாய்தான். வாசலில் சிலர் "தனியா வாளி வெச்சுத் தர்றோம், தலைக்கு 300" என்று துரத்துகிறார்கள். வயதானவர்கள் கூட இருந்தால் மனசு சபலப்படும். வேண்டாம். வரிசை நகர்ந்துகொண்டேதான் இருக்கிறது.

கோயிலுக்குள் கைபேசிக்கு அனுமதி இல்லை. வாசலில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். மதி அழவில்லை, முகம் மட்டும் சுருங்கிவிட்டது. உள்ளேதான் அவள் தேடிய சத்தங்கள் எல்லாம் இருந்தன. கிணற்றுச் சுவர் மேல் நிற்பவர் வாளியை வீசுகிறார், கயிறு உரசுகிறது, நீர் தலையில் விழுந்ததும் முன்னால் நிற்பவர் "ஹா" என்று மூச்சு வாங்குகிறார். ஐந்தாறு கிணறு தாண்டியதும் மதி என் முந்தானையை இழுத்து, "அம்மா, வாளி விழுற சத்தம் கிணத்துக்குக் கிணறு வேற" என்றாள். நான் அதுவரை வழுக்காமல் நடப்பதை மட்டும்தான் கவனித்துக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் எனக்கும் கேட்டது. ஒன்றில் "தொப்", ஒன்றில் "டொம்", ஒன்றில் வாளி சுவரில் இடித்து இரண்டு சத்தம்.

அறைக்கு வந்ததும் அப்பாயியைக் கட்டிலில் உட்காரவைத்து ஒவ்வொரு கிணறும் எப்படி இருந்தது என்று கேட்டுப் பதிவு செய்தாள். பேத்தி வாயாலேயே வாளிச் சத்தம் போட, அப்பாயி "இது கொஞ்சம் உப்பு... இது ஜில்லுன்னு பனி மாதிரி... இது எளநி" என்று சொல்லிக்கொண்டே போனார். என் மாமியார் இவ்வளவு நேரம் சிரித்துப் பேசி நான் பார்த்ததில்லை. பதினைந்து கிணறு வரைக்கும் சொன்னவர் அப்படியே தூங்கிவிட்டார். குறட்டையும் பதிவில் இருக்கிறது.

மதியம் பாம்பன். ஆட்டோவில் வானொலி ஓடிக்கொண்டிருந்தது, 90.4. மதி துள்ளினாள். எங்கள் கல்லூரி வானொலியும் அதே 90.4 தான். "நம்ம வானொலி இங்க வரைக்கும் வருதா?" என்றாள். வராது. சமுதாய வானொலிக்கு 50 வாட் சக்திதான் அனுமதி, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போனாலே பெரிது. அதனால்தான் ஒரே எண்ணைப் பல ஊருக்குக் கொடுக்க முடிகிறது. இங்கே ஓடியது 'கடல் ஓசை' என்ற சமுதாய வானொலி, மீனவர்களுக்கென்று 2016-இல் தொடங்கியது. அந்த ஓட்டுநர் நல்ல மனிதர், சொன்ன காசுக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கவில்லை. (நான் சொல்லப்போகும் ஆட்டோக்காரர் வேறு.)

அவர் காட்டிய இடத்தில்தான் சாப்பாடு. போர்டு கிடையாது. வீட்டு முன்பக்கம் இரண்டு பெஞ்சு. சாப்பாடு 120 ரூபாய், வறுவல் தனி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில் கட்டிக் கிடக்கிறது. மே மாதத்தில் நல்ல மீன் கிடைக்காது என்று ஊரில் எல்லோரும் பயமுறுத்தினார்கள். நாட்டுப்படகுக்குத் தடை இல்லை. காலையில் வந்த விளமீனைக் குழம்பு வைத்திருந்தார் அந்த அக்கா. புளி தூக்கலாக, மேலே எண்ணெய் மிதக்க, மீன் துண்டு தொட்டால் இதழ் இதழாக விலகியது. கணவர் மூன்றாவது முறை சோறு வாங்கும்போது என்னைப் பார்க்காமல் வாங்கினார். கணவாய் வறுவலுக்கு மட்டும் 180. அதில் எனக்கு வருத்தமே இல்லை, இரண்டு தட்டு வாங்கினோம். திருச்சியில் நான் சாப்பிட்ட கணவாயெல்லாம் ரப்பர்.

மதி சாப்பிடாமல் அடுப்படி வாசலில் நின்றாள். "அக்கா, மீன் பொரியுறதைப் பதிவு பண்ணட்டுமா?" "சத்தத்தையா? பண்ணிக்க தாயி." "சரின்னு சொல்லுங்க." "சரி, சரி."

அவர் வழியாகத்தான் கடற்பாசி எடுக்கும் ஓர் அம்மாவைப் பார்த்தோம். அன்று அவர் கடலுக்குப் போகவில்லை. மாதத்தில் 12 நாள்தான் பாசி எடுப்பது என்று பெண்கள் தங்களுக்குள் பேசிவைத்திருக்கிறார்களாம், பாசி மறுபடி வளர வேண்டுமே என்று. பாறை கிழிக்காமல் இருக்க உள்ளங்காலில் கட்டும் தகரத் தட்டையும், விரலில் சுற்றும் துணியையும் எடுத்துக் காட்டினார். மரிக்கொழுந்துப் பாசிக்கு நல்ல விலை என்றார். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றின் பெயர்களை மதி கேட்காமலே விரல் விட்டுச் சொன்னார்.

நான் கேட்டிருந்தால் ஒரு நாளைக்கு எவ்வளவு கிடைக்கும் என்றுதான் கேட்டிருப்பேன். மதி கேட்டாள்: "தண்ணிக்குள்ள முங்கினா என்ன சத்தம் கேக்கும்?"

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "இதை யாரும் கேட்டதில்ல பாப்பா" என்று சிரித்தார். "நெஞ்சு அடிக்கிறது கேக்கும். பாறைகிட்ட போனா எண்ணெயில கடுகு பொரியுற மாதிரி படபடன்னு ஒரு சத்தம். நிக்கவே நிக்காது." பவளப்பாறைப் பக்கம் அப்படித்தான் கேட்கும் என்று அப்புறம் படித்தேன். ஒரு வகை இறால் கொடுக்கை நெறிக்கும் சத்தம் அது. மதி அந்த நேரத்தில் என்ன யோசித்தாள் என்பது எனக்குத் திருச்சி வந்தபிறகுதான் தெரிந்தது.

இனி தனுஷ்கோடி. 2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்துவிட்டதால் மணலில் குலுங்கும் பழைய வேன் பயணம் இல்லை. அதற்கு வாங்குகிற காசு மட்டும் குலுங்குகிறது. போய்வர, அங்கே ஒன்றரை மணி நேரம் நிற்க, எல்லாம் சேர்த்து 900 என்று பேசி ஏறினோம்.

1964 டிசம்பர் புயல் விட்டுவைத்த தேவாலயச் சுவருக்குள் நின்று மதி கை தட்டினாள். கோயில் பிராகாரத்தில் தட்டியபோது திரும்பி வந்த சத்தம் இங்கே வரவில்லை. கூரை இல்லையே. மூன்று நான்கு தடவை தட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள்.

அரிச்சல்முனையில் காற்று ஆளைத் தள்ளியது. பதிவில் "புர்ர்" தவிர வேறு ஒன்றும் இல்லை. மைக்குக்கு ஏதாவது உறை போட வேண்டும் என்றாள். கணவர் காலுறையைக் கழற்றிக் கொடுத்தார், இரண்டு நாளாகப் போட்டிருந்தது. மூக்கைச் சுளித்துக்கொண்டே மாட்டினாள், சத்தம் தெளிந்தது. ஒரு பக்கம் ஆண் கடல், மறு பக்கம் பெண் கடல் என்று அங்கே சொல்வார்கள். மன்னார் வளைகுடாப் பக்கம் அலை அறைகிறது, பாக் நீரிணைப் பக்கம் குளம் போலக் கிடக்கிறது. இரண்டையும் ஐந்து ஐந்து நிமிடம் எடுக்க வேண்டும், யாரும் பேசக் கூடாது என்று கட்டளை. ஆண் கடல் பக்கம் அவள் கைபேசியோடு குந்தியிருந்தபோதுதான் ஓட்டுநர் வந்தார்.

நேரம் தாண்டிவிட்டதாம், 1,400 வேண்டுமாம். அரை மணி நேரம் கூட ஆனது உண்மைதான், நான் மறுக்கவில்லை. அரை மணிக்கு 500 ரூபாயா? அந்தக் காசுக்கு நான்கு பேர் பாம்பனில் மீன் சாப்பாடு சாப்பிடலாமே. அங்கிருந்து திரும்ப வேறு வண்டி சுலபமாகக் கிடைக்காது, அது அவருக்கும் தெரியும். கத்தினேன். கணவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் 1,100-க்கு முடிந்தது. மொத்தச் செலவு 13,640. தாண்டிய 1,640-இல் பாதிக்கு மேல் அறைக்காரரும் ஆட்டோக்காரரும் தின்றது.

நேற்று காலை ஒலிபரப்பு. அத்தை, நாத்தனார் வீட்டார், பக்கத்து வீட்டு மாமி என்று எல்லோரும் கூடத்தில். "பாலம்! பா... ல... ம்!" என்ற குரலோடுதான் ஆரம்பித்தது. கூட்டம் சிரித்தது. மதி ரயிலிலேயே ஓடிப்போய் அவரிடம் "சரி" வாங்கியிருக்கிறாள், எனக்குத் தெரியவே தெரியாது. அப்புறம் வாயால் போட்ட வாளிச் சத்தம், "எளநி", குறட்டை. பாசி அம்மா பேசும்போது அவர் குரலுக்கு அடியில் படபடவென்று ஒரு சத்தம் எழும்பியது. "இது கடல் இல்லை, பாம்பனில் பொரிந்த கணவாய்" என்று மதியே குறுக்கே வந்து சொன்னாள். பொரியலைக் கடல் என்று ஏமாற்றக் கூடாது என்று வானொலியில் தொகுத்துக் கொடுத்த கல்லூரி மாணவி சொன்னாளாம்.

கடைசியில் ஆண் கடல். ஓர் அலை. பிறகு என் குரல்: "என்னது, ஆயிரத்து நானூறா?" ஓர் அலை. "அரை மணி நேரத்துக்கு ஐநூறா?" இன்னோர் அலை. "மனசாட்சி இருக்கா உங்களுக்கு?" நீளமாக ஓர் அலை.

ஓட்டுநர் அனுமதி தரவில்லை அல்லவா, அதனால் அவர் பேசியதை எல்லாம் வெட்டிவிட்டார்கள். நான் தனியாக நின்று கடலோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். பக்கத்து வீட்டு மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறார்.

"என்கிட்ட அனுமதி கேட்டியாடி?" என்றேன். மதி பழைய கைபேசியை எடுத்து எதையோ தேடி அழுத்தினாள். திருச்சி நடைமேடை இரைச்சல், அவள் கேள்வி, அப்புறம் நான்: "சரி சரி, தண்ணி பாட்டிலை எடுத்தியா இல்லையா?"