கட்டைவிரலா, கடவுச்சொல்லா?

நான் வக்கீல். போன வாரம் என் கட்சிக்காரர் ஒருவர் கேட்டார்: "சார், விசாரணைக்குக் கூப்பிட்டிருக்காங்க. போன் பாஸ்வேர்டைக் கேட்டா சொல்லியே ஆகணுமா?" கிரிமினல் பக்கம் இருபது வருஷம் ஓட்டியும் சட்டென்று பதில் வரவில்லை.

குற்றம் சாட்டப்பட்டவரைத் தனக்கு எதிராகத் தானே சாட்சியாகும்படி கட்டாயப்படுத்தக் கூடாது. அரசியலமைப்பின் 20(3) அவ்வளவுதான், ஒரே வரி. சண்டையெல்லாம் எது 'சாட்சி' என்பதில். 1961-இல் காத்தி காலு ஓகாட் வழக்கில் 11 நீதிபதிகள் உட்கார்ந்து, கைரேகையும் கையெழுத்து மாதிரியும் அதில் சேராது என்றார்கள். 2010-இல் செல்வி வழக்கில், சம்மதமில்லாமல் மருந்து கொடுத்துப் பேசவைக்கும் நார்கோ சோதனையோ பொய் கண்டறியும் சோதனையோ கூடாது என்றது உச்ச நீதிமன்றம். மண்டைக்குள் இருப்பதைப் பிடுங்கக் கூடாது என்பது சாரம்.

இப்போது போனை எடுங்கள். கட்டைவிரல் வைத்துத் திறந்தால் 1961-இன் பக்கம் சாய்கிறது. மனதில் இருக்கும் ஆறு எண்ணைக் கேட்டால் 2010-இன் பக்கம். உள்ளே இருக்கும் படங்கள் என்னவோ அதேதான்! கீழ் நீதிமன்றங்களும் உயர் நீதிமன்றங்களும் இதில் ஒரே குரலில் பேசவில்லை.

வாய்க்காவது இந்தக் காவல் உண்டு. வீட்டைச் சோதனை போடும்போது அதுவும் சொற்பம். சோதனை முறைகேடாக நடந்தது என்பதற்காகவே கிடைத்த பொருளை ஒதுக்கிவிட முடியாது என்று 1973-இல் பூரண்மல் வழக்கிலேயே சொல்லிவிட்டார்கள். அதனால் எங்களுக்கு மிஞ்சுவது மகஜர்தான், அதாவது எதை எங்கே எடுத்தார்கள் என்று எழுதிச் சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கும் பதிவு. ஒரு முறை மகஜர் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தேன்.

"படித்துப் பார்த்தீர்களா?"

"இல்லீங்க."

"பொருளை எங்கே எடுத்தார்கள்?"

"நான் வெளியே நின்னேங்க. கையெழுத்து போடச் சொன்னாங்க, போட்டேன்."

நீதிபதி பேனாவை மூடிவைத்துவிட்டு அவரையே பார்த்தார். 2024 ஜூலையில் அமலான புதிய சட்டம், சோதனையை ஆடியோ, வீடியோவில் பதிய வேண்டும் என்கிறது. சாட்சி கையெழுத்துப் போடுவதும் அதில் வர வேண்டும். நல்லதுதான். கேமரா எப்போது ஆன் ஆகிறது என்பதுதான் என் கவலை.

சரி, கட்சிக்காரருக்கு வருவோம். குற்றவாளியாகச் சந்தேகிக்கிறார்களா, வெறும் சாட்சியாக அழைத்திருக்கிறார்களா என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். "சம்மன் இருக்கா? காட்டுங்க" என்றேன். வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது என்று சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். கட்டைவிரலை வைத்துத் திறந்து, அப்படியே என்னிடம் நீட்டினார்.