எங்கள் நாய் மகனுக்கு என்ன செய்கிறது?

ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில், மார்க்கம் ரோட்டில் இருக்கும் தமிழ்க் கடைகளுக்குப் போனால் யாராவது ஒருவர் மறித்துக் கேட்பார்: "பிள்ளை, இந்த நாய் மகனுக்கு என்ன செய்யுது?" கையில் மரக்கறிப் பை, பக்கத்தில் பொறுமை இழக்கும் மகன். அரை நிமிடத்துக்கு மேல் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் ஆறுதலாக இங்கே எழுதுகிறேன். எங்கள் நாய், ஓட்டிசம் (மதியிறுக்கம்) உள்ள பிள்ளைகளுக்கு உதவப் பழக்கிய ஒரு பெண் லாப்ரடோர்.

முதல் வேலை, அவனை ஓடவிடாமல் நிறுத்துவது. என் மகனுக்கு ஓட்டிசம். பேச்சு மிகக் குறைவு, ஆபத்து என்ற எண்ணமே கிடையாது. கையை விட்டால் ஓடுவான், அதுவும் தண்ணீர் இருக்கும் பக்கமாக. ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் பலரைத் தண்ணீர் அப்படித்தான் இழுக்கிறது. பெரியவர்கள் கண்ணில் படாமல் ஓடிப்போகும் இந்தப் பிள்ளைகளின் சாவுக்குப் பெரிய காரணமே நீரில் மூழ்குவதுதான். ஸ்காபரோவில் ஏரிக்கு இவ்வளவு கிட்ட இருந்துகொண்டு அதை எப்படி மறக்க?

வெளியே போகும்போது அவன் இடுப்பில் ஒரு பட்டி கட்டுவோம். அதிலிருந்து ஒரு வார் நாயின் ஜாக்கெட்டில் கொளுவியிருக்கும். இன்னொரு வார் என் கையில். கட்டளை சொல்வது நான்தான், மகன் அல்ல. அவன் திடீரென்று பாய்ந்தால் அவள் நாலு காலையும் ஊன்றி நின்றுவிடுவாள். ஒரு லாப்ரடோர் நகரமாட்டேன் என்று நின்றால் சின்னப் பிள்ளையால் இழுத்துக்கொண்டு போக முடியாது. எனக்கு அந்த இரண்டு மூன்று விநாடி போதும். முன்பு அவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தபடிதான் தெருவில் நடப்பேன். அவனுக்குக் கை நோகும், எனக்குத் தோள் நோகும், இரண்டு பேரும் எரிச்சலோடு வீட்டுக்கு வருவோம். இப்போது அவன் ஜாக்கெட்டின் கைபிடியைத் தானே பிடித்துக்கொள்கிறான். அவனை ஒருவரும் பிடித்திருக்கவில்லை. அது அவனுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அவன் நடையிலேயே தெரிகிறது.

இரண்டாவது வேலை பாரம். போன மாதம் இரத்தப் பரிசோதனைக்குப் போய்க் காத்திருந்தோம். மேலே டியூப்லைட் இரைகிறது, ஒரு குழந்தை வீரிட்டு அழுகிறது, மகன் தன் தாடையில் கைமுட்டியால் குத்தத் தொடங்கினான். நிலத்தில் அவனை இருத்தி நாய்க்கு ஒரு சொல் சொன்னேன். அவள் வந்து முன்னங்காலையும் தலையையும் அவன் மடிமேல் வைத்து, முழுப் பாரத்தையும் இறக்கிப் படுத்தாள். அவன் முதலில் தள்ளினான். அவள் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் அவன் விரல் அவள் காதின் ஓரத்தைத் தேடிப்போனது. அந்த மெல்லிய ஓரத்தைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் உருட்டிக்கொண்டே இருந்தான். குத்துவது நின்றது. ஊசி போடும்போது அழுதான்தான், ஆனால் அது எந்தப் பிள்ளையும் அழும் அழுகை.

இது தாயின் ஆசைக் கற்பனை என்று நினைப்பவர்களுக்கு ஒரு ஆய்வு. கியூபெக்கின் மீரா அறக்கட்டளை கொடுத்த நாய்களை வைத்து, மொன்றியல் ஆய்வாளர்கள் ஓட்டிசம் உள்ள 42 பிள்ளைகளின் உமிழ்நீரில் கோர்ட்டிசோல் அளவைப் பார்த்தார்கள். 2010இல் வெளிவந்தது. மன அழுத்தத்தோடு சம்பந்தப்பட்ட இந்தச் சுரப்பு காலையில் கண்விழித்ததும் பெரும்பாலானோருக்கு ஏறும். அந்தப் பிள்ளைகளுக்கு நாய் வருமுன் 58 சதவீதம் ஏறியது, நாய் வீட்டில் இருந்தபோது 10 சதவீதம்தான். ஆய்வுக்காக நாயைக் கொஞ்ச நாள் திருப்பி எடுத்ததும் மறுபடி 48. அந்தக் கடைசி எண்ணை வாசித்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. அந்தக் கொஞ்ச நாள் நாய் இல்லாமல் இருந்த பிள்ளைகளை நினைத்தேன்.

எங்கள் நாய் ஓக்வில்லில் இருக்கும் லயன்ஸ் அமைப்பின் டோக் கைட்ஸ் (Dog Guides) என்ற உதவி நாய்ப் பயிற்சி நிலையத்திலிருந்து வந்தவள். குட்டியாக இருந்தபோது ஒரு தொண்டர் குடும்பம் வளர்த்துக் கொடுத்தது. ஒரு நாயைப் பழக்கித் தர 35,000 டொலருக்கு மேல் செலவாகிறது, ஆனால் குடும்பத்திடம் ஒரு சதமும் வாங்குவதில்லை, எல்லாம் நன்கொடைப் பணம். கேம்பிரிட்ஜில் நாஷனல் சேர்விஸ் டோக்ஸ் என்ற அமைப்பும் 1990களிலிருந்து இதே வேலையைச் செய்கிறது. காத்திருப்பு நீளம். நாய் கிடைக்கும் நேரம் வந்ததும் பெற்றோரில் ஒருவர் அங்கே தங்கிப் பழக வேண்டும். நான்தான் போனேன்.

அப்புறம், இது பெரியவர்களுக்கு வேலை கூட்டும் விஷயம். சாப்பாடும் மிருக வைத்தியர் செலவும் நம்முடையவை. ஜனவரிக் குளிரிலும் வெளியே கூட்டிப்போக வேண்டும். பனி உருக வீதியில் போடும் உப்பு பாதத்தைச் சுடும் என்பதால் அவளுக்குச் சப்பாத்துப் போட வேண்டும். வீட்டுக்கு வந்து ஜாக்கெட்டைக் கழற்றினால் அவள் வெறும் நாய், பந்து எறிந்து விளையாட்டுக் காட்ட வேண்டும். அந்த ஓய்வு இல்லாவிட்டால் அவளால் வேலை செய்ய முடியாது.

அவள் பெயரை இங்கே வேண்டுமென்றே எழுதவில்லை. கடையில் யாராவது கூப்பிட்டால் கவனம் சிதறிவிடும், என் மகன் அவளோடு கட்டப்பட்டிருக்கிறான். தயவுசெய்து தடவாதீர்கள், உணவு நீட்டாதீர்கள். எங்கள் அம்மா இன்னும் நாயைத் தொடமாட்டார், சாமி அறை வாசலில் ஒரு தடுப்புக் கதவும் உண்டு. ஆனால் விருந்தாளி யாராவது கிட்டப் போனால் முதலில் குரல் கொடுப்பது அவர்தான்: "அது வேலை செய்யுது, தொடாதேங்கோ!"

ஒரு சாப்பாட்டுக் கடையில் எங்களை உள்ளே விட மறுத்தார்கள். ஒன்ராறியோ சட்டப்படி, வாடிக்கையாளர் இருந்து சாப்பிடும் இடத்துக்கு உதவி நாய் வரலாம். பள்ளிக்கூடம் அவ்வளவு நேரானது அல்ல. வகுப்பில் உதவி நாயை அனுமதிக்கக் கேட்டு, வாட்டர்லூ கத்தோலிக்கப் பாடசாலைச் சபைக்கு எதிராக ஓட்டிசம் உள்ள ஒரு பிள்ளையின் குடும்பம் போட்ட வழக்கை 2017இல் மனித உரிமைத் தீர்ப்பாயம் தள்ளுபடி செய்தது. 2019இல் மாகாணக் கல்வி அமைச்சு, எல்லாச் சபைகளும் உதவி விலங்குகள் பற்றி ஒரு கொள்கை வைத்திருக்க வேண்டும் என்று அறிவித்தது. ஆனாலும் முடிவு ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகத்தான். வகுப்பில் நாய்க்குக் கட்டளை சொல்ல ஒரு பெரியவர் வேண்டும், அதனால் நாங்கள் இப்போதைக்குக் கேட்கவில்லை.

"என் பிள்ளைக்கு நாய் என்றாலே பயம்" என்று ஒரு தாய் சொன்னார். சரி, தெரிந்தவர்கள் வீட்டில் வயதான, அமைதியான நாய் இருந்தால் சில வாரம் போய்த் தூரத்தில் இருந்து பாருங்கள். கிட்டப் போகச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். பிள்ளை தானாகக் கையை நீட்டினால் உதவி நாய்க்கான விண்ணப்பத்தை அனுப்புங்கள், நிரப்ப உதவி வேண்டுமென்றால் எனக்கு எழுதுங்கள்.