கொடுத்தவர் பெயர்

வட சென்னையில் ஒரு கத்தோலிக்கக் கோயிலின் பங்கு அலுவலகத்தில் பதினோரு வருடமாக எழுத்தர் வேலை பார்க்கிறேன். அதற்கு முன்னால் துறைமுகம் பக்கம் ஒரு சரக்குக் கம்பெனியில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். கம்பெனியை மூடினார்கள், ஃபாதர் கூப்பிட்டார், வந்துவிட்டேன். ஞானஸ்நானச் சான்றிதழ், கல்யாண ஓலை, மைக் செட் ரிப்பேர் என்று எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். ஆனால் பாதி நாள் இறந்தவர்களோடுதான் கழியும் என்பது முதல் மாதமே தெரிந்துவிட்டது.

மேசையில் பூசைக் கருத்து நோட்டு எப்போதும் திறந்தே இருக்கும். யாருக்காக, எதற்காகப் பூசை என்பதுதான் கருத்து. தேதி, நேரம், கருத்து, காணிக்கை, கொடுத்தவர் என்று ஐந்து கட்டம். இப்படி ஒரு புத்தகம் இருந்தே தீரவேண்டும் என்பது திருச்சபைச் சட்டத்தின் 958ஆம் எண். அதே சட்டத்தின் 953ஆம் எண்படி, ஒரு குரு, அதாவது ஃபாதர், ஒரு வருடத்துக்குள் வைத்து முடிக்கமுடியாத அளவுக்குப் பூசைக் காணிக்கை வாங்கக் கூடாது. சரக்குக் கம்பெனிக் கணக்கே இவ்வளவு கறார் இல்லை. காசில்லாமல் வருகிறவர்களின் கருத்துக்கும் பூசை வைக்கச் சொல்லி அதில் இருக்கிறது. ஃபாதர் முதல் நாளே சொன்னது அதுதான்: "கையில காசு இல்லன்னா எழுதாம அனுப்பிடாத."

கஷ்டம் பெயர்களில்தான். எங்கள் பங்கில் சவரியம்மாள்களும் அந்தோணிசாமிகளும் எத்தனை பேர் என்று எண்ணி முடியாது. ஞானஸ்நானத்தில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர், தெருவில் ஒரு பெயர். மாநகராட்சியில் இறப்பை 21 நாளுக்குள் பதியவேண்டும். ஆதாரில் இருக்கும் பெயர் அங்கே போகும், ஞானஸ்நானப் பெயர் எங்கள் பதிவேட்டில் ஏறும். பூசையில் வாசிக்க வேண்டியது மட்டும் வீட்டில் கூப்பிட்ட பெயர் என்பார்கள். அதனால் ஒவ்வொருவரிடமும் எழுத்துக் கூட்டிக் கேட்பேன். இனிஷியல், புருஷன் பெயர், சின்ன 'ர'வா பெரிய 'ற'வா என்பது வரைக்கும். எரிச்சல்படுவார்கள். பட்டுக்கொள்ளட்டும்.

அப்படிக் கறாராக இருந்தும் ஒரு தடவை தப்பு செய்தேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம். நோட்டிலிருந்து சாமிக்கு (ஃபாதரைத்தான் சாமி என்போம்) துண்டுச் சீட்டில் பெயர்களை எழுதிக் கொடுக்கும்போது ஒரு வரியை விட்டுவிட்டேன். பூசை முடிந்ததும் மீன்கார ஆயா வந்து நின்றார்.

ஆயாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். விடியற்காலையில் காசிமேட்டில் ஏலத்தில் எடுத்து, தெருத்தெருவாக விற்றுவிட்டு வருவார். அன்னக்கூடையை வாசலுக்கு வெளியே வைத்து, குழாயில் கை கழுவிக்கொண்டுதான் உள்ளே நுழைவார். அவர் கொடுக்கும் ரூபாய் நோட்டு மட்டும் எப்போதும் ஈரம். ஒரு தடவை நூறு ரூபாயில் காந்தி முகத்தின் மேல் ஒரு செதில் ஒட்டியிருந்தது. உலரட்டும் என்று ஜன்னல் ஓரம் வைத்தேன், காக்கா வந்துவிட்டது.

அன்றைக்கு ஆயா சத்தம் போடவில்லை. "இன்னா தம்பி, எங்காளு பேரு வரல?"

மன்னிப்புக் கேட்டேன். நாளைக்கே வாசிக்கச் சொல்கிறேன், கருத்து நோட்டில் இருக்கிறது, கடவுளுக்குத் தெரியும் என்று ஏதேதோ சொன்னேன்.

"அவருக்குத் தெரியும்டா. கடவுளுக்குச் சீட்டு எதுக்கு? எனக்குத்தான் காதுல வுழணும். வருஷத்துக்கு ஒருவாட்டிதான் அந்தப் பேரை இன்னொருத்தர் வாயால கேக்குறேன்."

அன்றிலிருந்து சீட்டை இரண்டு முறை சரிபார்க்கிறேன். சாமி வாசிக்கும்போது கடைசி பெஞ்சில் நின்று விரல் விட்டு எண்ணுவதும் உண்டு. பூசையில் கவனம் இல்லை என்று என் மனைவிக்குக் குறை. அவளிடம் என்னத்தைச் சொல்ல?

புருஷனுக்கு வருடத்துக்கு ஒரு பூசை என்றால், திங்கட்கிழமைக்கு ஆயா கொடுப்பது வேறு கருத்து: 'யாரும் நினையாத ஆத்துமாக்கள்.' வாரா வாரம். வருடா வருடம் ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடை. அந்த நாட்களில் நூறு ஐம்பதாகும், ஒரு வருடம் இருபதாகவும் ஆனது. ஒரு திங்களும் விட்டதில்லை. யாருக்காக இது என்று ஒரு தடவை கேட்டேன். "கடலுக்குப் போயி உடம்பு கெடைக்காதவங்க எத்தினி பேரு. அவங்களுக்குக் கல்லறை ஏது, நவம்பர் ரெண்டாந்தேதி யாரு மெழுகுவத்தி ஏத்துவா?"

அந்த ரெண்டாந்தேதிதான் கல்லறைத் திருநாள், எங்களுக்கு வருடத்திலேயே பெரிய வேலை நாள். ஒரு வாரம் முன்பே உறைகள் வந்து குவியும். ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பத்தின் பெயர்ப் பட்டியல், சிலதில் நான்கு தலைமுறை. அன்று ஒரு குரு மூன்று பூசை வைக்கலாம். முதல் உலகப் போரில் பிணங்கள் குவிந்துகொண்டிருந்த 1915இல் திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட் கொடுத்த அனுமதி அது. காணிக்கை வாங்குவது மூன்றில் ஒன்றுக்குத்தான். சாயங்காலம் கல்லறை மந்திரிப்பு. பெரும்பாலும் மழை பெய்யும். தண்ணீர் பாட்டிலின் அடியை வெட்டி மெழுகுவர்த்திக்கு மேல் கவிழ்த்துவிட்டு, குடை பிடித்து நிற்பார்கள். அப்பாவுக்குப் பிடித்தது என்று கல்லறை மேல் பீடிக் கட்டு வைக்கிற மகனையும் பார்த்திருக்கிறேன். சாமி பார்க்காதது மாதிரி தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார்.

பக்கத்து வீட்டு அண்ணன் சி.எஸ்.ஐ., புராட்டஸ்டண்ட் சபை. அவருக்கு இதெல்லாம் ஒத்துவராது. இறந்தவர்களுக்காகப் படைத்தலைவர் யூதா பணம் திரட்டி எருசலேமுக்கு அனுப்பிய கதை வரும் மக்கபேயர் புத்தகம் அவர் வேதாகமத்தில் இல்லை. செத்தவனுக்கு இனி ஜெபம் எதற்கு என்பார். ஆனால் அவருடைய அம்மா நினைவு நாளில் பேப்பரில் போட்டோவும் வசனமும் போட, வாசகத்தைச் சரிபார்க்க என்னிடம்தான் கொண்டுவருவார். மூன்று தடவை திருத்துவார்.

2020 வேறு மாதிரி. ஏப்ரலில் கொரோனாவில் இறந்த ஒரு மருத்துவரை அடக்கம் செய்யப் போனபோது கீழ்ப்பாக்கத்தில் எதிர்ப்பு, அப்புறம் வேலங்காட்டில் ஆம்புலன்ஸ் மேல் கல்வீச்சு, கடைசியில் போலீஸ் காவலோடு ராத்திரியில் அங்கேயே அடக்கம். அந்தச் செய்தி வந்த வாரம் கோயில் வேலைகளைப் பார்க்கும் எங்கள் கோவில் பிள்ளை கல்லறைப் பக்கம் போகவே பயந்தார். கோயில் பூட்டியிருந்தது. சாமி தனியாகப் பூசை வைக்க, ஒரு தம்பி யூடியூபில் காட்டினான். ஆயாவிடம் பட்டன் போன்தான். புருஷனுடைய நினைவு நாள் அன்று நான் அவருக்குப் போன் போட்டு, பீடத்துப் பக்கம் ஸ்பீக்கர் பெட்டி மேல் வைத்துவிட்டேன். பெயர் வாசித்ததும் எடுத்துக் காதில் வைத்தேன். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. அப்புறம், "வச்சிடு தம்பி, காசு ஓடும்."

போனைக் கட் பண்ணும்போதுதான் திரையைப் பார்த்தேன். 'மீன்கார ஆயா' என்று பதிந்து வைத்திருக்கிறேன். அலுவலகத்துக்கு வந்து பழைய நோட்டுகளைப் புரட்டினேன். கொடுத்தவர் என்ற கட்டத்தில் வாரா வாரம் என் கையெழுத்தில் அதேதான். இரண்டு இடத்தில் சோம்பேறித்தனமாக வெறும் 'ஆயா'.

கோயில் திறந்த பிறகு வந்த முதல் திங்கட்கிழமை பேனாவை வைத்துக்கொண்டு கேட்டேன். "ஆயா, உங்க ஞானஸ்நானப் பேரு என்ன?"

"இப்ப எதுக்கு? அதை வாசிக்கிற அன்னிக்குத் தெரிஞ்சிக்க." சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் சொன்னார்.

கட்டத்தில் பேனா வைத்தவன் வழக்கப்படி கேட்டேன், சின்ன 'ர'வா, பெரிய 'ற'வா என்று.

"எனுக்கு எழுதத் தெரியாதே தம்பி. நீ எப்டி எழுதுறியோ அதான்" என்று சொல்லிவிட்டு, மணி அடித்துவிட்டது என்று உள்ளே போனார்.