கத்திரி வெயிலும் தாவர உணவும்: வேலூர் நாட்குறிப்பு

மே 4, 2025, ஞாயிறு

இன்று அக்னி நட்சத்திரம் தொடங்கியிருக்கிறது. 28ஆம் தேதி வரை இருக்கும். ஊரைச் சுற்றியுள்ள மலைகள் மொட்டைப் பாறைகளாக நிற்பதால், பகலெல்லாம் வாங்கிய சூட்டை அவை விடிய விடிய இறக்கிக்கொண்டிருக்கின்றன. எனவே நடையோ ஓட்டமோ காலை ஆறரைக்குள் முடிந்துவிட வேண்டும். சத்துவாச்சாரியிலிருந்து கோட்டைக்குப் போய் அகழியை ஒட்டிச் சுற்றி வரும் வழக்கத்தை இம்மாதம் முழுவதும் அரை மணி நேரம் முன்தள்ளி வைத்திருக்கிறேன்.

பால், தயிர், நெய், முட்டை, கறி எதுவும் இல்லாமல் இவ்வளவு ஓடியாடத் தெம்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர்கள், ஏதோ பெரிய வைராக்கியத்தைப் பதிலாக எதிர்பார்க்கிறார்கள். என் அனுபவத்தில் வைராக்கியத்துக்கு இதில் பங்கு மிகக் குறைவு. இரவு பத்து மணிக்குக் கொண்டைக்கடலை ஊறப்போட்டாயிற்றா, கேழ்வரகு மாவு கரைத்து வைத்தாயிற்றா, வாழைப்பழம் இருக்கிறதா என்ற மூன்று கேள்விகளுக்கும் ஆம் என்று பதில் வந்தால், மறுநாள் காலையில் எழுவதற்குத் தனியாக மன உறுதி எதுவும் தேவைப்படுவதில்லை. ஊறிய கடலை காத்திருக்கும்போது படுத்துக்கிடக்க மனம் வராது. பதில் இல்லை என்றால், எட்டு மணிக்கு வாசலில் பேருந்துக்கு ஓடும் அவசரத்தில் நாலு இட்லியை விழுங்கிவிட்டுப் பதினொரு மணிக்கே சோர்ந்து போவேன்.

மே 6, செவ்வாய்

அக்கா மகன் கைப்பேசியில் ஒரு செய்தி அனுப்பியிருந்தான். அமெரிக்காவில் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் என்னும் 100 மைல் மலையோட்டத்தை 1999 முதல் 2005 வரை ஆண்டுதோறும் விடாமல் வென்ற ஸ்காட் ஜூரெக் தாவர உணவுக்காரர் என்பது செய்தி. "பாருங்க சித்தி, உங்க ஆளு" என்று கூடவே ஒரு வரி. மகிழ்ச்சிதான். ஆனால் இத்தகைய உதாரணங்கள் எனக்குப் பெரிதாக உதவுவதில்லை. அவர் 100 மைல் ஓடினார் என்பது, ராணிப்பேட்டையில் தோலில் ஷூவின் மேல்பாகம் தைக்கும் கம்பெனி ஒன்றில் நாள் முழுவதும் உட்கார்ந்து கணக்கெழுதும் நாற்பத்தேழு வயதுக்காரிக்குச் சாயங்காலம் எவ்வளவு பருப்பு வேண்டும் என்பதைச் சொல்லிவிடாது.

ஆகையால் கணக்கெழுதும் பழக்கத்தின்படி புரதத்துக்கும் ஒரு வரவு செலவு எழுதிப் பார்த்தேன். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரதம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. என் எடை 62 கிலோ. அந்தக் கணக்கில் 51 கிராமுக்குச் சற்று மேல் வருகிறது. ஆனால் தொடர்ந்து உடற்பயிற்சி செய்பவர்களுக்கு விளையாட்டு மருத்துவத் துறையினர் கிலோவுக்கு 1.2 கிராமிலிருந்து தொடங்குகிறார்கள் என்பதால், என் இலக்கு 75 கிராம். துவரையும் பாசிப்பயறுமாக 100 கிராம் பருப்பில் சுமார் 22 கிராம் கிடைக்கிறது. ஒரு கைப்பிடி, அதாவது 50 கிராம், வேர்க்கடலையில் 12. ஊறவைத்த கொண்டைக்கடலையில், காய்ந்த எடை 50 கிராமுக்கு, 9 அல்லது 10. சோறும் கேழ்வரகும் சேர்ந்து 18 வரை கொடுத்துவிடுகின்றன என்பது பலருக்குத் தெரிவதில்லை; தானியத்தை வெறும் மாவுச்சத்து என்று ஒதுக்கிவிடுகிறோம். மீதிக்கு 30 கிராம் சோயா உருண்டை போதும். அதன் எடையில் பாதி புரதம்தான்.

தானியத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு, பருப்பில் அது நிறைய உண்டு. இரண்டும் ஒரே கவளத்தில் சேர வேண்டும் என்பதுகூட இல்லை, ஒரே நாளில் சேர்ந்தால் போதும். சாம்பாரைத் தண்ணீராக வைத்துவிட்டுப் பருப்பு சாப்பிட்டதாக நினைத்துக்கொள்ளும் வீடுகளில்தான் இந்தக் கணக்கு இடிக்கிறது. எங்கள் வீட்டில் சாம்பார் இப்போது கரண்டியில் எடுத்தால் நிற்கும் பதத்தில் இருக்கிறது. வீட்டுக்காரரும் பிள்ளைகளும் ஞாயிற்றுக்கிழமை கறி சாப்பிடுபவர்கள்தான். ஆனாலும் கெட்டிச் சாம்பாரைக் குறை சொன்னதில்லை.

மே 9, வெள்ளி

இரவு கரண்ட் இல்லை. தூக்கம் சரியில்லாததால் காலையில் நடை மட்டும்.

வாலாஜா ரோட்டில் கூழ் வண்டிக்காரரிடம் மோர் ஊற்றாமல் கரைத்துத் தரச் சொல்லிக் குடித்தேன். தொட்டுக்கொள்ள மோர் மிளகாயை நீட்டினார். மிளகாயை மோரில் ஊறவைத்துத்தான் காயவைக்கிறார்கள் என்பதை நினைவூட்டியதும் சிரித்துக்கொண்டே மாங்காய்க் கீற்றும் சின்ன வெங்காயமும் கொடுத்தார். கேழ்வரகில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது. பசும்பாலில் 120 மட்டுமே. பாலில் இருப்பது உடலில் எளிதாகச் சேரும், கேழ்வரகில் இருப்பதை அதிலேயே உள்ள பைட்டேட் என்னும் வேதிப்பொருள் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதும் உண்மைதான். புளிக்கவைத்தால் அந்தப் பிடி தளர்கிறது. கூழைப் புளிக்கவைத்துக் குடிப்பதில் சுவைக்கு அப்பாலும் ஒரு நியாயம் இருக்கிறது.

மே 11, ஞாயிறு

கறியை விட்டபோது வீட்டில் யாரும் வருத்தப்படவில்லை. மாறாக, "நல்ல காரியம், சைவமாயிட்டா" என்று ஊர் முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டார்கள். தயிரை விட்டபோதுதான் வீடு இரண்டானது. கணியம்பாடிப் பக்கம் மாடு வைத்துப் பால் கறந்து ஊற்றியே ஐந்து பிள்ளைகளைப் படிக்கவைத்தவர் என் மாமியார். தட்டில் தயிர் வேண்டாம் என்று நான் சொல்வது அவருக்கு உணவு பற்றிய கருத்தாகக் கேட்கவில்லை. அவர் விடியலில் எழுந்து சாணி அள்ளிய ஆண்டுகளையே வேண்டாம் என்று சொல்வதாகக் கேட்டது. அது எனக்குப் புரிகிறது. வாதாடி வெல்லக்கூடிய விஷயமும் அல்ல.

அத்தை இப்போது எங்களோடு தங்கியிருப்பதால், நேற்றிரவு வேர்க்கடலைத் தயிர் உறையூற்றினேன். 200 கிராம் பச்சை வேர்க்கடலையைக் காலையிலேயே ஊறவைத்து, மாலையில் தோலைத் தேய்த்து நீக்க வேண்டும். தோல் தங்கினால் நிறமும் கெடும், இலேசான கசப்பும் வரும். தண்ணீர் விட்டு மையாக அரைத்து, மெல்லிய வேட்டித் துணியில் வடிகட்டினால் முக்கால் லிட்டருக்குக் குறையாமல் பால் கிடைக்கும். அதைச் சிறு தீயில் கிண்டிக்கொண்டே காய்ச்ச வேண்டும். அவசரப்பட்டால் அடிபிடிக்கும், போதிய நேரம் கொதிக்காவிட்டால் பச்சை வாசனை போகாது. கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் மண்சட்டிக்கு மாற்றி, காம்போடு கூடிய ஐந்தாறு பச்சைமிளகாய்களைக் கழுவி உள்ளே போட்டு மூட வேண்டும். காம்பில் ஒட்டியுள்ள நுண்ணுயிர்களே பாலை உறையவைக்கின்றன. முதல் உறை கொழகொழவென்றுதான் இருக்கும். அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து இரண்டாவது முறை ஊற்றினால்தான் கெட்டியாகும். நேற்று ஊற்றியது இரண்டாவது. இந்த வெயிலில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வெளியே விட்டால் வாயில் வைக்க முடியாத புளிப்பாகிவிடும் என்பதால், விடியற்காலையில் எழுந்ததும் முதல் வேலையாக எடுத்து ஃபிரிட்ஜில் வைத்தேன். வடித்த சக்கையை அடை மாவில் சேர்த்தாயிற்று.

மதியம் அத்தை ஒரு கரண்டி வாங்கி, நாக்கில் வைத்து, வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "மோர்க்குழம்புக்கு ஆவும். சோத்துக்கு ஆவாது" என்றார். மிகச் சரியான தீர்ப்பு. சோற்றில் பிசையும்போது எண்ணெய்ப் பிசுக்கு தனியாகத் தெரிகிறது. தேங்காயும் சீரகமும் அரைத்துவிட்டு வெண்பூசணி போட்டுக் கொதிக்கவைத்தால் வித்தியாசம் தெரியவில்லை. அடுத்த வாரம் மோர்க்குழம்பை அவரே வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். வேர்க்கடலையில் புரதம் உண்டே தவிரக் கால்சியம் சொற்பம் என்பதால், எள்ளுப்பொடியும் முருங்கைக்கீரையும் வாராவாரம் தனியாக வந்தாக வேண்டும். தயிர் என்ற பெயர் இருப்பதாலேயே இது பால் தயிர் செய்யும் எல்லா வேலையையும் செய்துவிடாது.

மே 14, புதன்

புதன்கிழமை வைட்டமின் பி12 மாத்திரை நாள்.

அலுவலகத்தில் உடன் வேலை செய்யும் தம்பி, பழைய சோற்றில் இல்லாத பி12-ஆ, மாத்திரை எதற்கு என்று கேட்டார். நீராகாரம் எனக்கு மிகவும் பிடிக்கும். வியர்த்துக் கொட்டிவிட்டு வந்து உப்பும் வெங்காயமும் சேர்த்துக் குடிக்க அதற்கு இணை இல்லை. ஆனால் பி12-ஐ உண்டாக்குவது குறிப்பிட்ட சில பாக்டீரியாக்கள் மட்டுமே. பழைய சோறு, இட்லி மாவு, ஸ்பைருலினா என்னும் பாசிப்பொடி ஆகிய எதையும் அதற்கு நம்ப முடியாது. ஒரு நாளைக்குத் தேவைப்படுவது 2.2 மைக்ரோகிராம் என்னும் துளி அளவுதான். அப்படியிருக்க, வாரம் ஒரு முறை எடுப்பவர்களுக்கு ஏன் 2000 மைக்ரோகிராம் என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஒரு வேளையில் குடல் முறையாக உறிஞ்சிக்கொள்ளும் அளவு இரண்டு மைக்ரோகிராமை ஒட்டியே நின்றுவிடுகிறது. அதற்கு மேற்பட்டதில் நூற்றுக்கு ஒரு பங்குதான் தானாக ஊடுருவிச் செல்கிறது. ஆகவே வாரத்துக்கு ஒரு முறை என்றால் அத்தனை பெரிய அளவு தேவைப்படுகிறது.

கல்லீரலில் ஏற்கெனவே உள்ள சேமிப்பு சில ஆண்டுகள் தாங்குவதால், கறியையும் பாலையும் விட்டவுடன் எதுவும் தெரியாது. பாதத்தில் மரமரப்பும் இனம்புரியாத களைப்பும் தலைகாட்டும்போது நரம்பு வரை பாதிப்பு போயிருக்கலாம். மாத்திரை போட வேண்டியிருப்பதால் இந்த உணவுமுறை இயற்கைக்கு மாறானது என்று வாதிடுவோர், அயோடின் கலந்த உப்பைக் கேள்வி கேட்காமல்தான் வாங்குகிறார்கள்.

இன்னொன்றும் குறித்துவைக்க வேண்டும். சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதை ஒரு மணி நேரம் தள்ளிவைத்திருக்கிறேன். டீயில் உள்ள டானின், கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச் சத்தைச் சேரவிடாது. எலுமிச்சைச் சாறு இதற்கு நேர்மாறு. அதையும் அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே பிழிய வேண்டும், கொதியில் வைட்டமின் சி அழிந்துவிடும்.

மே 18, ஞாயிறு

சோளிங்கர். மேலே யோக நரசிம்மர் சன்னதி வரை 1305 படிகள். 2024 முதல் ரோப் காரும் ஓடுகிறது. அத்தையும் வீட்டுக்காரரும் அதில் வந்தார்கள், நான் படியேறினேன்.

ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு இரண்டு வாழைப்பழமும் நாலு பேரீச்சம்பழமும் சாப்பிட்டேன். படியில் கால் ஓயாமல் இருக்க அந்த நேரத்தில் வேண்டியது மாவுச்சத்துதான். பருப்பும் கடலையும் வயிற்றில் கனமாக நின்று மூச்சு வாங்கவைக்கும். குடிக்க பானகம்: வெல்லம், எலுமிச்சை, சுக்கு, ஏலக்காய், இவற்றோடு வியர்வையில் போகும் உப்பை ஈடுசெய்ய ஒரு சிட்டிகைக் கல்லுப்பு. கடைகளில் வண்ணத் தண்ணீராக விற்கும் விளையாட்டுப் பானங்களில் இருப்பதும் அடிப்படையில் இந்தச் சர்க்கரையும் உப்பும்தான்.

இங்குள்ள குரங்குகளுக்குப் பையின் ஜிப்பைத் திறக்கவே தெரியும். பாதி வழியில் ஒன்று என் இடுப்புப் பையைப் பிடித்து இழுத்து, மீதமிருந்த பேரீச்சம்பழப் பொட்டலத்தைப் பிரித்து, கொட்டைகளை ஒவ்வொன்றாக என் பக்கமே துப்பியது. இறங்கியதும் புளிசாதமும் சுண்டலும். மாலையில் தொடை வலி இருந்தது. அது படிக்கு உரிய வலி, உணவுக்கு உரியது அல்ல.

மே 25, ஞாயிறு

உடன் பணிபுரியும் தங்கை வீட்டுத் திருமணம், ஆம்பூரில். பிரியாணிக்குப் பெயர் போன ஊரில் எனக்கு என்ன கிடைக்கும் என்று வீட்டார் கவலைப்பட்டார்கள். குஸ்கா சாப்பிடலாமே என்று பலரும் சொல்வார்கள். பல இடங்களில் அது கறித்துண்டு எடுத்த பிரியாணிச் சோறே தவிர, கறிச்சாறு படாத சோறு அல்ல. பிரியாணியோடு தரும் பருப்புக் குழம்பான தால்சாவிலும் எலும்பு இருக்கக்கூடும். அதனால் இரண்டு நாள் முன்பே போன் செய்து சொல்லிவிட்டேன். விருந்துக்குப் போய் இலையின் முன் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொன்றாகக் கேட்பது கூப்பிட்டவர்களைச் சங்கடப்படுத்தும்.

"அக்கா, உங்களுக்குன்னு சமையல் பண்டாரி கிட்ட தனியா சொல்லிட்டேன்" என்று அவளே வந்து வெறும் சோறும் எண்ணெய்க் கத்தரிக்காயும் பரிமாறினாள். கத்தரிக்காய் முழுதாக, காம்போடு, நாலாகப் பிளந்து, எள்ளும் வேர்க்கடலையும் புளியும் அரைத்த கெட்டிச் சாற்றில் எண்ணெய் மிதக்க வெந்திருந்தது. காய் எங்கள் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் என்றார்கள். அதற்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பிரியாணிக்குத் துணையாக வைக்கப்படும் இந்த ஒன்றுக்காகவே ஆம்பூருக்கு வரலாம் என்பது என் கட்சி. மக்கன் பேடா என்னும் இனிப்பில் பாலைச் சுண்டவைத்த கோவா இருப்பதால் அதை வீட்டுக்காரருடைய தட்டுக்குத் தள்ளினேன்.

பந்தியில் எதிரே இருந்தவர், தோல் கம்பெனியில் சம்பளம் வாங்கிக்கொண்டு கறி தின்னமாட்டேன் என்பது என்ன நியாயம் என்று கேட்டார். நியாயம் முழுமையாக இல்லைதான். வேலை என் கையில் இல்லை, தட்டு இருக்கிறது. அதற்கு மேல் அவரிடம் விளக்கவில்லை, கத்தரிக்காய் ஆறிக்கொண்டிருந்தது.

மே 30, வெள்ளி

கத்திரி கழிந்தது. காலை ஓட்டம் பழைய நேரத்துக்கு வருகிறது.

கம்பெனியில் தையல் பிரிவுப் பெண்கள், மாலை நாலு மணிக்கு டீயும் வர்க்கியும் மட்டுமே சாப்பிட்டுவிட்டு ஆறரை வரை மெஷினில் குனிந்திருக்கிறார்கள். கேன்டீன் எடுத்து நடத்துபவரிடம், வர்க்கிக்குப் பதில் சுண்டல் போடலாமே என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். இன்று கணக்கோடு போனேன். நாற்பது பேருக்கு ஆளுக்குக் காய்ந்த பயறு 50 கிராம் வீதம் இரண்டு கிலோ. தேங்காய், தாளிப்பு, கேஸ் எல்லாம் சேர்த்தாலும் ஒரு கிண்ணம் பத்து ரூபாய்க்குள் கட்டுப்படியாகும். திங்கட்கிழமையிலிருந்து போட்டுப் பார்க்கச் சம்மதித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை இரவு ஊறப்போட யார் வருவது என்று கேட்டார். வாட்ச்மேன் அண்ணன் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். கொண்டைக்கடலையா காராமணியா என்பது இன்னும் முடிவாகவில்லை. காராமணி சீக்கிரம் வேகும், கேஸ் மிச்சம் என்கிறார் கேன்டீன்காரர்.