குட்டி வர ஐந்து நாள்தான் இருந்தது

திங்கட்கிழமை சாயங்காலம் தோட்டத்துப் பெரியம்மா போன் செய்தார். “தம்பி, சனிக்கிழமையே வந்து குட்டியத் தூக்கிக்கிட்டுப் போயிடுப்பா. ஞாயித்துக்கிழமை நான் கிள்ளானுக்கு மக வீட்டுக்குப் போறேன், திரும்பி வர ரெண்டு மாசம் ஆகும்.” பள்ளி விடுமுறை விட்டதும் நிதானமாக எடுத்து வரலாம் என்று இருந்தோம். தைப்பூசத்துக்கு மறுநாள் லயத்து வீட்டுக் குசினிக்குப் பின்னால் பிறந்த நாய்க்குட்டி அது, எட்டு வாரம் முடிந்துவிட்டது, தாயை விட்டுப் பிரிக்கலாம். தயாராகாதது எங்கள் வீடுதான்.

அவசரத்தைவிடப் பயம்தான் எனக்கு அதிகம். ஏழு மாதத்துக்கு முன் எங்கள் முந்தைய குட்டி சின்னு இதே வீட்டில் பார்வோ என்ற வைரஸ் நோய் வந்து இறந்தது. வாந்தி, இரத்தக் கழிச்சல், நான்காம் நாள் முடிந்துவிட்டது. தடுப்பூசி போடவில்லை, தோட்டத்து நாய், தாங்கும் என்று நினைத்துவிட்டேன், அது என் தப்பு. அதனால் செவ்வாய்க்கிழமை காலை ஷிப்டுக்குப் போகும் முன்பே ஈப்போவில் உள்ள மிருக டாக்டருக்குப் போன் செய்து, குட்டி இறந்த இடத்துக்கு இன்னொரு குட்டியைக் கொண்டு வரலாமா என்று நேராகவே கேட்டுவிட்டேன். கொண்டு வரலாம், ஆனால் அந்தக் கிருமி நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் ஒரு வருடம்கூட உயிரோடு கிடக்கும், சாதாரணச் சோப்புக்கும் டெட்டாலுக்கும் சாகாது, துணி வெளுக்கும் குளோராக்ஸ்தான் வழி என்றார். ஒரு பங்கு குளோராக்ஸ், முப்பது பங்கு தண்ணீர். சனிக்கிழமை தோட்டத்திலிருந்து நேராகக் கிளினிக்குக்கே கொண்டு வரச் சொல்லி நேரமும் கொடுத்தார்.

புதன்கிழமை மூன்று மணிக்கு மில்லிலிருந்து வந்ததும் வாசல் சிமெண்டில் ஆரம்பித்தோம். முதலில் சோப்புத் தண்ணீர் ஊற்றித் துடைப்பத்தால் நன்றாகத் தேய்த்து அலசிவிட வேண்டும், ஏனென்றால் அழுக்கின் மேல் ஊற்றினால் குளோராக்ஸின் வீரியமெல்லாம் அந்த அழுக்கோடே போய்விடும். அப்புறம் கலந்த தண்ணீரை ஊற்றி, பத்து நிமிடம் தரை ஈரமாகவே இருக்கும்படி பார்த்துக்கொண்டு, பிறகு கழுவினோம். வாசல், கால்வாய் ஓரம், இரும்புக் கேட்டின் அடிப்பகுதி, என் வேலைச் சப்பாத்தின் அடிப்பாகம் எல்லாம். என் மனைவி கழிவறை கழுவும் திரவத்தையும் கொஞ்சம் சேர்க்கலாமே என்று பாட்டிலைத் திறந்தபோது ஓடிப்போய்த் தடுத்தேன். இரண்டும் சேர்ந்தால் மூச்சை அடைக்கும் விஷவாயு வரும், யாரும் கலக்காதீர்கள்.

சின்னுவின் சாப்பாட்டுத் தட்டை மகள் தன் அலமாரியில் ஒளித்து வைத்திருந்தது அன்றுதான் தெரிந்தது. சிவப்பு பிளாஸ்டிக் தட்டு. விளிம்பு முழுக்க அதன் பால் பற்கள் கடித்த சின்னச் சின்னக் கீறல்கள், விரலால் தடவினால் தட்டுப்படும். சில்வர் தட்டாக இருந்தால் கழுவி எடுத்துக்கொள்ளலாம், இந்தக் கீறலுக்குள் கிருமி தங்கினால் எடுக்க முடியாது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு அவளே பையில் போட்டுக் கட்டிக் கொடுத்தாள்.

மண்ணைக் குளோராக்ஸ் ஊற்றிச் சுத்தம் செய்ய முடியாது. வேலியோரம் நிழலாகக் கிடந்த வாழைக் கன்றுகளை வெட்டி வெயில் விழ வைத்தேன், ஊசிகள் முடியும்வரை குட்டியின் கால் மண்ணில் படக்கூடாது என்று முடிவு செய்து, சிமெண்டு முடியும் இடத்தில் கம்பி வலையும் அடித்தேன். சீனர் ஹார்ட்வேர் கடையில் வலைக்கு 18 வெள்ளி (ரிங்கிட்) ஆனது.

பக்கத்து வீட்டு மக்சிக்கிடம் (மலாய்க்கார அம்மா) முன்னதாகவே சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு இருந்தது. நாயின் எச்சில் பட்டால் மண்ணும் தண்ணீரும் வைத்து ஏழு முறை கழுவ வேண்டிய கட்டாயம் முஸ்லிம்களான அவர்களுக்கு உண்டு, அது நாம் மதிக்க வேண்டிய விஷயம். “தாக் அப்பா (பரவாயில்லை), வேலிக்கு அடியில் மட்டும் சந்து விடாதே, என் பேரன் அங்கேதான் விளையாடுவான்” என்றார். அன்று ராத்திரியே டார்ச் அடித்து வேலி அடியெல்லாம் பலகை வைத்து அடைத்தேன்.

அப்படி டார்ச் அடித்துக்கொண்டு தவழ்ந்து வந்தபோதுதான் குசினி வாசலில் காஸ் தோம்புக்குப் பின்னால் அதைப் பார்த்தேன். எலி மருந்து. மெழுகுக் கட்டி, நீல நிறம், ஒரு மூலை மட்டும் எலி கொறித்து வெள்ளையாகி இருந்தது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் செம்பனைதான், எலி வராமல் இருக்காது, அம்மா எப்போதோ வைத்து மறந்திருக்கிறார். நின்றுகொண்டு பார்த்தால் தெரியவே தெரியாது, குட்டியின் மூக்குக்கு நேர் எதிரே இருக்கும். இந்த மருந்து இரத்தம் உறைய விடாமல் செய்வது, தின்ற அன்றைக்கு நாய் நன்றாகத்தான் விளையாடும், சில நாள் கழித்துத்தான் சோர்வும் இரத்தக் கசிவும் தெரியும். தின்றது தெரிந்த உடனே ஓடினால் வைட்டமின் கே1 கொடுத்துக் காப்பாற்றலாம். ஸ்டோர், மாடிப்படி அடி, வாஷிங் மெஷின் பின்புறம் என்று தேடி மொத்தம் ஐந்து கட்டி எடுத்தோம். வைத்தவரிடமே கேட்டால்தான் எங்கெங்கே என்று தெரியும், அம்மாவைக் கூடவே நடக்க வைத்துத்தான் தேடினேன்.

அம்மாவுக்கு ஆரம்பத்தில் இதில் இஷ்டமே இல்லை. “இன்னொண்ணை வளத்து இன்னொரு தடவை அழணுமா?” என்று திங்கட்கிழமையே கேட்டார். என்னிடம் பதில் இல்லை. ஆனால் குட்டிக்கு ஒரு நாளைக்கு நான்கு வேளை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும், பகலில் வீட்டில் இருப்பவர் அவர் மட்டும்தான். வெள்ளிக்கிழமை ராத்திரி அவரே பெரியம்மாவுக்குப் போன் செய்து குட்டி என்ன சாப்பிடுகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார். சோறும் அவித்த கோழி ஈரலும். முதல் சில நாள் அதையே கொடுத்து, கடைத் தீவனத்தை ஒரு வாரத்தில் சிறிது சிறிதாகக் கலக்க வேண்டும், திடீரென்று மாற்றினால் வயிற்றுப்போக்கு வரும். பசும்பாலும் வேண்டாம்.

சனிக்கிழமை துணிக்கூடையில் பழைய கைலி விரித்துக் கொண்டு போனோம். தாய் படுத்திருந்த சாக்கில் ஒரு துண்டைப் பெரியம்மா வெட்டிக் கொடுத்தார், துவைக்காமல் அப்படியே வையுங்கள், ராத்திரி அந்த வாசத்துக்குத் தூங்கும் என்றார். கிளினிக்கில் குட்டியைத் தரையில் விடவில்லை, மகள் மடியிலேயே வைத்திருந்தாள். வயிற்றுப் பூச்சிக்கு மருந்து, முதல் தடுப்பூசி. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி இருக்கும்வரை ஊசி சரியாக வேலை செய்யாது, அது தீரும் நாள் குட்டிக்குக் குட்டி மாறும், அதனால்தான் பதினாறு வாரம் தாண்டும்வரை மூன்று, நான்கு வாரத்துக்கு ஒரு முறை திரும்பத் திரும்பப் போடுகிறோம் என்று டாக்டர் விளக்கினார். சின்னுவுக்கு முன்னால் இதை யாராவது எனக்கு இப்படிச் சொல்லியிருக்கலாம்.

ராத்திரி இரண்டு மணிக்கு முனகல் கேட்டு எழுந்து போனேன். அம்மா எனக்கு முன்னாலேயே வாசல் விளக்கைப் போட்டுவிட்டு, குட்டியைச் சிமெண்டில் இறக்கி விட்டு, அது மூத்திரம் போகட்டும் என்று வலைக்கு இந்தப் பக்கம் குந்தி உட்கார்ந்திருந்தார்.