பல்லுக்குக் கேப்பை ஒட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கல்யாணத்துக்கு வருகிறவர்கள் பத்து நாள் லீவிலேயே பல்லையும் முடித்துக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். ரூட் கெனால் (வேர் சிகிச்சை) முடிந்து வலி அடங்கிய பல்லுக்குக் கேப், அதாவது செதுக்கிய பல்லின் மேல் மாட்டும் உறை, மட்டும் என்றால் அது நடக்கும். செதுக்கி அளவெடுக்க ஒரு நாள், ஒட்ட ஒரு நாள், நடுவில் லேபுக்கு ஒரு வாரம். பல்லைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் பிரிட்ஜ், அதாவது இரு பக்கத்துப் பற்களைப் பிடித்து நிற்கும் பாலம், என்றால் நடக்காது. ஈறு வற்றி ஒரு நிலைக்கு வர 2, 3 மாதம் ஆகும். அதற்குள் போட்டால் பிறகு அடியில் சந்து விழும், சோற்றுப் பருக்கை அங்கேதான் போய் உட்காரும்.

கேப்புக்குப் பல்லின் நிறம் பார்ப்பதைச் செதுக்குவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். வாயைத் திறந்தபடி வைத்திருந்தால் பல் காய்ந்து இருப்பதைவிட வெளுப்பாகத் தெரியும். வெற்றிலை போடுகிறவர்கள் கறையை எடுத்த பிறகுதான் நிறம் பார்க்க வேண்டும். ட்யூப்லைட்டில் பொருந்திய ஏ2 (பல் நிற அட்டையில் ஒரு நிறம்) வளவு முற்றத்து வெளிச்சத்தில் வேறாகத் தெரியும். ஜன்னல் பக்கம் திரும்பி ஒருமுறை பாருங்கள்.

கடைவாய்ப்பல்லில் சிர்கோனியா (உலோகம் இல்லாத, உறுதியான பீங்கான் வகை) கேப் என்றால் மேல்பகுதியில் 1 முதல் 1.5 மில்லிமீட்டர், உலோகத்தின் மேல் பீங்கான் என்றால் 2 வரை குறைப்பார்கள். செதுக்கிய பல்லின் சுவர்கள் மேல்நோக்கிக் கொஞ்சமாகத்தான் சரிய வேண்டும். ரொம்பச் சரிந்தால் பிடிப்புப் போய்விடும். ஈறுக்கு மேலே சுற்றிலும் 2 மில்லிமீட்டராவது சொந்தப் பல் மிஞ்சியிருக்க வேண்டும். அது இல்லாமல் வெறும் அடைப்பின் மேல் ஏற்றிய கேப் கழன்றுவரும், இல்லையென்றால் பல்லே வேரோடு ஒடியும்.

அடுத்து ஈறைச் சற்று விலக்க நூல் வைத்து, புட்டி என்ற மாவு போன்ற பொருளில் அச்செடுப்பார்கள். பல்லின் ஓரத்தில் ஒரு குமிழி விழுந்தாலும் கேப்பின் விளிம்பு அங்கே பொருந்தாது, சொத்தை அந்த வழியாகத்தான் நுழையும். டாக்டர் இன்னொரு அச்சு கேட்டால் முகம் சுளிக்காதீர்கள்.

ஒட்டும் வரை தற்காலிகக் கேப் இருக்கும். அது கழன்றால் உடனே போங்கள். பக்கத்துப் பற்கள் நகர்ந்துவிட்டால் லேபிலிருந்து வரும் கேப் உள்ளே இறங்காது. அதிரசம், மிட்டாய் மாதிரி ஒட்டுகிற எதுவும் அந்தப் பக்கம் வேண்டாம்.

ஒட்டும் நாளில்தான் நாம் வாய் திறந்து பேச வேண்டும். ரூட் கெனால் செய்த பல்லுக்கு அன்று பெரும்பாலும் மரத்துப்போகும் ஊசி தேவைப்படாது. மரத்த வாய்க்குக் கடி சரியா என்று தெரியாது என்பதால் ஊசி இல்லாமல் இருப்பதே நல்லது. பல் இடுக்கு நூல் இரு பக்கமும் 'டிக்' என்று இறுகி இறங்க வேண்டும். வழுக்கிக்கொண்டு போனால் நார்க்கறி தினமும் சிக்கும். பிறகு நிறத்தாளைக் கடிக்கச் சொல்வார்கள். நேராகக் கடித்தால் மட்டும் போதாது, அம்மியில் அரைப்பது போல இடமும் வலமும் அரைத்துக் காட்டுங்கள். முடியளவு உயரமாக இருந்தாலும் சொல்லுங்கள். "பழகிடும்" என்ற பதிலை ஏற்காதீர்கள். உயரமான கேப் நாலு நாளில் கடிக்கும்போது வலி தரும், பீங்கான் தெறிக்கும். தேய்த்துக் குறைத்த இடத்தைப் பாலிஷ் போடச் சொல்லுங்கள். சொரசொரப்பு எதிர்ப்பல்லை அரித்துவிடும். நிரந்தர சிமெண்டில் ஒட்டியான பிறகு கழற்றுவதென்றால் பெரும்பாலும் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

ஒரு பல் போன இடத்துக்குப் பிரிட்ஜ் என்றால் வழக்கமாக மூன்று யூனிட், அதாவது இரு பக்கமும் இரண்டு கேப், நடுவில் ஒரு பொய்ப்பல். இரு பக்கத்துப் பல்லும் நன்றாக இருந்தாலும் செதுக்கப்படும், அதற்கு மனசு வந்தால் மட்டும் சரி சொல்லுங்கள். தாங்கும் பற்களின் வேர்ப்பரப்பு போன பல்லின் வேர்ப்பரப்பைவிடக் குறையக்கூடாது என்பது பழைய விதி. ஆடுகிற பல்லில் பாலம் நிற்காது. கடைசிக் கடைவாய்ப்பல் போய் பின்னால் தாங்க எதுவும் இல்லையென்றால், ஒரு பக்கப் பிடிப்பில் தொங்கவிட்ட பிரிட்ஜைவிட இம்ப்ளாண்டை (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கை வேர்) பற்றிக் கேட்பது மேல். மூன்றும் ஒட்டியிருப்பதால் சாதா நூல் மேலிருந்து இறங்காது. நுனி விறைப்பான சூப்பர் ஃப்ளாஸை அடியில் கோத்து இழுக்க வேண்டும், ராத்திரி தவறாமல்.

தேன்குழலும் சீப்புச் சீடையும் தாராளமாகச் சாப்பிடலாம். கொட்டைப்பாக்கு, பொருள்விளங்கா உருண்டை, நாட்டுக்கோழி எலும்பு மூன்றையும் பீங்கான் தாங்கும் என்று நம்பாதீர்கள்.

கேப் கழன்றுவிட்டால் ஃபெவிக்விக் பக்கம் போகாதீர்கள். கழுவி ஒரு டப்பாவில் போட்டு எடுத்துப் போனால், உள்ளே சொத்தை இல்லாத பட்சத்தில் அதையே திரும்ப ஒட்டிவிடலாம். வாயில் வெறுமனே மாட்டிக்கொண்டு மட்டும் தூங்காதீர்கள், தொண்டைக்குள் போய்விடும்.